சானாவில் தலைசுற்றல், தொட்டியில் குளோரின் நெடி: ஒரு வாசகிக்குப் பதில்

வாசகி எழுதிய கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். பிறந்தநாளுக்குத் தோழிகள் சேர்ந்து ஒரு டே ஸ்பாவின் அரைநாள் பேக்கேஜ் வவுச்சர் கொடுத்திருக்கிறார்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். முதலில் 60 நிமிட மசாஜ். அது 45 நிமிடத்திலேயே முடிந்துவிட்டது, மெதுவாகப் பிடியுங்கள் என்று சொல்லியும் கேட்காமல் அழுத்தியதில் கழுத்து வலி, போதாக்குறைக்கு ஒரு க்ரீமை வாங்கச் சொல்லி விடாத பேச்சு. அடுத்து சுடுநீர்த் தொட்டி, கடைசியாக சானா, அதாவது பலகையில் உட்கார்ந்து வியர்க்கும் சூட்டு அறை. சானா வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அக்கா ஹீட்டர் மேல் அடுக்கியிருந்த கல்லில் தண்ணீர் ஊற்றப்போக, ஊழியர் ஓடிவந்து திட்டியிருக்கிறார். பிறகு யாரோ சூட்டைக் கூட்டிவைக்க, கொடுத்த காசுக்கு வியர்த்துவிட்டுப் போவோம் என்று 25 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். எழுந்ததும் தலைசுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு நாள் கழித்து நீச்சலுடை மூடியிருந்த இடங்களில் சிவப்புப் புள்ளிகள், அரிப்பு. புகார் சொன்னதற்கு, இன்னொரு முறை இலவசமாக வாருங்கள் என்றிருக்கிறார்கள். 'நான்தான் அதிகமாக எதிர்பார்த்துவிட்டேனா? என் உடம்புக்கே சானா ஒத்துக்கொள்ளாதா? கணவர் அப்படித்தான் சொல்கிறார். அந்த இலவச அழைப்பை ஏற்றுக்கொள்ளலாமா?' என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எதிர்பார்த்தது அதிகமில்லை. சொல்லப்போனால் சில விஷயங்களில் குறைவாகவே எதிர்பார்த்திருக்கிறீர்கள். ஸ்பாக்களில் சானா, நீராவி அறை, தொட்டி எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வதும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும்தான் என் வேலை, அந்தக் கண்ணோடுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பாட்டுச் சத்தம், சாயம் போன துண்டு, க்ரீம் வியாபாரம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். தொட்டிக்கு மட்டும் ஒரே வரி: 'குளோரின் நெடி கண்ணைக் கரித்தது, அதனால் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.' அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நடந்ததிலேயே ஆபத்தானது அதுதான்.

ஒழுங்காகப் பராமரிக்கும் தொட்டியில் அப்படி நெடி அடிக்காது. தண்ணீரில் போட்ட குளோரின், இறங்குகிறவர்களின் வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றோடு சேரும்போது குளோரமீன்கள் என்ற பொருள்கள் உண்டாகின்றன. கண்ணைக் கரிப்பதும் மூக்கில் ஏறுவதும் அவைதான். அதாவது கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் ஏற்கெனவே அழுக்கோடு மல்லுக்கட்டிச் செலவாகிவிட்டது என்பதற்கு அந்த நெடி ஓர் அடையாளம். நீச்சல் குளத்தைவிட சுடுநீர்த் தொட்டியில் இது சீக்கிரம் நடக்கும். தண்ணீர் கொஞ்சம், ஆட்கள் அதிகம், சூட்டில் குளோரின் வேகமாகப் போய்விடும், குமிழி விடும் ஜெட்டுகள் அதை இன்னும் விரட்டும். அதனால்தான் தொட்டிகளில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும், சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. காலையில் ஒரு முறை பார்த்து எழுதிவைத்துவிட்டு ராத்திரி வரை அப்படியே விடுவது கூட்டம் வரும் தொட்டிக்குப் போதவே போதாது.

ஓரத்தில் நுரை நின்றது, சுவர் வழவழவென்று இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வழவழப்பு பெரும்பாலும் கிருமிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு படலம், அதற்குள் போய்விட்டால் குளோரின் சுலபமாக எட்டாது. நுரை, உடம்பில் பூசிய எண்ணெய், லோஷன், சோப்பு இவற்றால் வருவது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் எண்ணெய் மசாஜ், அடுத்தது தொட்டி. நடுவில் குளித்துவிட்டு இறங்குங்கள் என்று யாராவது சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் அதே வரிசையில்தான் போயிருப்பார்கள், ஆக எத்தனையோ பேர் முதுகு எண்ணெய் அந்தத் தண்ணீரில். மசாஜ் கட்டில் எப்போது காலியோ அதைப் பார்த்து வரிசை போடும் இடங்கள் நிறைய உண்டு. வாடிக்கையாளருக்கு எது நல்லது என்று யோசித்துப் போட்டிருந்தால் குளியல், சூடு, ஆறுதல், ஓய்வு, கடைசியில் மசாஜ் என்றுதான் வந்திருக்கும்.

இப்போது அந்தப் புள்ளிகள். நான் டாக்டர் இல்லை, பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்லவும் கூடாது. ஆனால் பராமரிப்பில்லாத சூடான தண்ணீரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரும், அது மயிர்க்கால்களைத் தொற்றினால் சிவப்பாக, அரிப்போடு, சில சமயம் சீழ்த் தலையோடு புள்ளிகள் வரும், தொட்டியில் இறங்கிய சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வரும், ஈர நீச்சலுடை ஒட்டியிருந்த இடங்களில் அதிகமாக இருக்கும். உங்கள் வர்ணனை இதோடு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் தானாகவே போய்விடும். போகவில்லை, பரவுகிறது, காய்ச்சலும் வருகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், காட்டும்போது தொட்டியில் இறங்கியதைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராது. அந்த நீச்சலுடையை நன்றாகத் துவைத்து முழுதாகக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

இன்னொன்று, இது அபூர்வம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. பராமரிப்பில்லாத தொட்டியிலிருந்து எழும் நீர்த்துளிப் புகையை மூச்சில் இழுத்தால் லீஜியோனெல்லா என்ற கிருமி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அக்காவிடமும் சொல்லிவையுங்கள்.

சரி, சானாவுக்கு வருவோம்.

சானா எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பின்லாந்து பாணி சானாவில் காற்று 70 முதல் 100 டிகிரி வரை போகும், 80 என்பது சாதாரணம். காற்று உலர்ந்திருப்பதால்தான் அந்தச் சூட்டை உடம்பு தாங்குகிறது. நீராவி அறை வேறு, அங்கே 40 முதல் 50 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். இன்ஃப்ராரெட் அறை இன்னும் வேறு, அங்கே காற்று அதிகம் சூடாகாது, சூடான பலகைகள் நேராக உடம்பைக் காய்ச்சும். மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், அதனால் பாதி ஏமாற்றம் பதிவு செய்யும்போதே ஆரம்பித்துவிடுகிறது. கல் அடுக்கிய ஹீட்டர் இருந்தது என்று எழுதியிருப்பதால் உங்களுடையது முதல் வகை. அது வெதுவெதுப்பாக இருந்தால் கெட்டுப்போயிருக்கிறது, இல்லையென்றால் கஞ்சத்தனம். கஞ்சத்தனம் என்றால் ஆள் வந்த பிறகு சுவிட்ச் போடுவது. அறையும் கல்லும் சூடேற முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும், உங்கள் முதல் அரை மணி அப்படித்தான் போயிருக்க வேண்டும். கெட்டுப்போவது என்றால், ஹீட்டருக்குள் இருக்கும் சூட்டுக் கம்பிகளில் ஒன்று எரிந்துபோயிருக்கும், மீதி கம்பிகள் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அல்லது கற்கள் வெடித்துத் தூளாகி இடுக்கை அடைத்திருக்கும், காற்று மேலே ஏறாது. கற்களை வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்து, உடைந்ததை மாற்றி, திரும்ப அடுக்க வேண்டும், ஸ்பா மாதிரி நாள் முழுக்க ஓடும் இடத்தில் இன்னும் அடிக்கடி. இதைச் செய்கிற இடங்களைவிட வரவேற்பறைக்குப் புது மெழுகுவர்த்தி வாங்குகிற இடங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சுவரில் இருந்த தெர்மோமீட்டர் 75 காட்டியதாக நீங்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சூடு மேலே தங்கும். கூரைக்குப் பக்கத்தில் 75 என்றால் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தவருக்கு அதைவிட எவ்வளவோ குறைவு, காலுக்கு இன்னும் குறைவு. பின்லாந்துக்காரர்கள் பலகையைக் கட்டும்போதே கால் வைக்கும் இடம் ஹீட்டர் கற்களைவிட உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஸ்பாக்களில் பலகை தாழ்வாக இருக்கும், தலை வேகும், கால் குளிரும்.

அக்கா தண்ணீர் ஊற்றப்போனது தப்பே இல்லை. கல்லில் தண்ணீர் தெளித்து ஆவி கிளப்புவதுதான் சானாவின் உயிர். சுமார் 55 லட்சம் மக்கள் இருக்கும் பின்லாந்தில் ஏறக்குறைய 30 லட்சம் சானாக்கள் இருக்கின்றன, 2020இல் யுனெஸ்கோ தன் கலாச்சார மரபுப் பட்டியலில் அந்தப் பழக்கத்தைச் சேர்த்தது. அந்த ஊரில் போய் கல்லில் தண்ணீர் ஊற்றாதே என்றால் சிரிப்பார்கள். தண்ணீர் ஊற்றக்கூடாத ஹீட்டர்களும் உண்டு, அப்படியென்றால் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வேளை தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றப்போனாரா? அதைத் தடுத்தது சரி, குளோரின் ஆவி மூச்சுக்கு ஆகாது. வாசனை எண்ணெயை அப்படியே கல்லில் விடுவதும் கூடாது, தீப்பிடிக்கும். எதுவானாலும் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது, திட்டியது மரியாதைக்கேடு.

தலைசுற்றலுக்கு உங்கள் உடம்பைக் குறை சொல்ல வேண்டாம், கணவரிடமும் இதைக் காட்டுங்கள். சூட்டில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரியும், இதயம் வேகமாக அடிக்கும், நிமிடத்துக்கு 100ஐத் தாண்டி சிலருக்கு 150 வரைகூடப் போகும். கூடவே வியர்வையில் அரை லிட்டர் தண்ணீர் போயிருக்கும். இந்த நிலையில் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போவது ஒரு கணம் குறையும். யாருக்கும் வரும் இது. உங்களுக்கு வருவதற்கு எல்லாக் காரணமும் ஒன்றுசேர்ந்திருந்தன: காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அதற்கு முன்பே சுடுநீர்த் தொட்டியில் வெந்திருக்கிறீர்கள், முதல் முறையே 25 நிமிடம், தண்ணீர் குடிக்கவில்லை. இதற்கெல்லாம் மேலே, கடிதத்தின் பின்பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் இது. சானாவுக்குள் ஒருவரை அனுப்பும் முன் ஒரு தாளில் நாலு கேள்வி கேட்க வேண்டும்: இதய நோய் உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா, கர்ப்பமா, இன்று மது குடித்தீர்களா. உங்களிடம் கேட்டது கைபேசி எண்ணும் பிறந்த தேதியும்தான், இரண்டும் விளம்பரம் அனுப்புவதற்கு. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அடக்க முடியாத நெஞ்சுவலி இருப்பவர்கள், இதய வால்வு மோசமாகச் சுருங்கியவர்கள் சானாவுக்கே போகக்கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போகலாம், ஆனால் சில மாத்திரைகளோடு, அதிலும் சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரைகளோடு, இந்த மாதிரி தலைசுற்றல் சுலபமாக வரும். உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லி உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், அதற்கு முன் அடுத்த சானா வேண்டாம்.

அவர் சரி என்று சொன்னால் இப்படிப் போங்கள். லேசாகச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, குளித்துத் துவட்டிக்கொண்டு உள்ளே போங்கள். கீழ்ப் பலகையில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், போதும். நகையைக் கழற்றிவிடுங்கள், உலோகம் சுடும். கடைசி இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு நேராக உட்கார்ந்து, பிறகு மெதுவாக எழுந்திருங்கள். வெளியே வந்து உடம்பு ஆறின பிறகு வேண்டுமானால் இன்னொரு சுற்று. காசுக்கு வியர்ப்பது என்று ஒரு கணக்கே கிடையாது. தாங்குவதைப் போட்டியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது: பின்லாந்தின் ஹெய்னோலாவில் சானா உலகப் போட்டி என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள், 110 டிகிரியில் யார் கடைசி வரை உட்காருகிறார்கள் என்று. 2010 இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்துபோனார், போட்டி அதோடு நின்றது.

நச்சு வெளியேறும் என்று அவர்கள் அட்டையில் போட்டிருப்பதை நம்பினீர்களா என்று தெரியவில்லை. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும், கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. இதயத்துக்கு நல்லது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. கிழக்கு பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை ஏறக்குறைய 20 வருடம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை சானா போனவர்களைவிட 4 முதல் 7 முறை போனவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்து சானாவில் பழகியவர்கள், அதோடு இது கவனித்துப் பார்த்த ஆய்வு, சானாதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு அரைநாள் பேக்கேஜுக்கு இதை விளம்பரமாகப் போடுவது அநியாயம்.

மசாஜ் பற்றி நீங்கள்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள், நான் கொஞ்சமாகச் சொல்கிறேன். 60 நிமிடம் என்று போட்டு, உடை மாற்றுவது, பேசுவது எல்லாம் சேர்த்து, கை படும் நேரம் 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பரவலான பழக்கம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் தப்பில்லை. 45 என்பது அந்தப் பழக்கத்தைவிடவும் குறைவு, நிச்சயம் கேளுங்கள். அழுத்தம் அதிகமானால் ஒரு முறை சொல்லிக் கேட்கவில்லை என்றால் நிறுத்துங்கள் என்று சொல்லி எழுந்து உட்காரலாம், அது உங்கள் உரிமை, அநாகரிகம் இல்லை. கழுத்து வலி ஓரிரு நாளில் குறைந்திருக்க வேண்டும், குறையாமல் கையில் மரத்துப்போவது, பலவீனம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைப் பாருங்கள். க்ரீம் பேச்சுக்காக அந்தப் பெண்ணின் மேல் கோபப்படாதீர்கள். பல இடங்களில் மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று கெடு வைத்திருப்பார்கள், அந்தப் புகார் முதலாளிக்குப் போக வேண்டியது.

அடுத்து, என்ன செய்வது. நீங்கள் ரிசப்ஷனில் வாயால் சொன்னதை மறந்துவிடுங்கள், எழுதுங்கள், மின்னஞ்சலில். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் தொட்டியும் புள்ளிகளும், இரண்டாவது உடல்நிலை பற்றி யாரும் கேட்காமல் சானாவுக்கு அனுப்பியது, மூன்றாவது சூடில்லாத அறை, நான்காவது குறைந்த மசாஜ் நேரம். துண்டையும் பாட்டையும் விட்டுவிடுங்கள், அவை இருந்தால் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மன்னிப்பு அட்டை அனுப்புவார்கள். போன தேதி, நேரம், புள்ளிகளின் படம், டாக்டரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, வவுச்சர் எண் எல்லாவற்றையும் இணையுங்கள். அப்புறம் இதைக் கேளுங்கள்: அன்றைய தினம் தொட்டியின் குளோரின், பிஹெச் அளவுகளைக் குறித்த பதிவேட்டின் படம் வேண்டும். ஒழுங்கான இடம் என்றால் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடும். இழுத்தடித்தால் பதிவேடே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது உங்கள் ஊர் சுகாதாரத் துறையிடம் சொல்லுங்கள், பழிவாங்குவதாக நினைக்க வேண்டாம், நாளைக்கும் அந்தத் தொட்டியில் யாரோ இறங்கப்போகிறார்கள். இணையத்தில் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். தொட்டியால்தான் நோய் வந்தது என்று டாக்டர் சொல்லாதவரை நீங்கள் அப்படி எழுதாதீர்கள்.

இலவச அழைப்பை நானாக இருந்தால் ஏற்க மாட்டேன். அதே தொட்டிக்கும் அதே ஹீட்டருக்கும் மறுபடி போக எதற்கு இலவசம்? சானாவுக்கும் தொட்டிக்குமான பங்கைப் பணமாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வாங்கியது தோழிகள் என்பதால் பணம் அவர்கள் பெயருக்குத்தான் வரும் என்று சொல்வார்கள், வரட்டும், கடிதத்திலேயே அவர்களில் யார் பெயரில் பில் இருக்கிறது என்று எழுதிவிட்டால் அந்தச் சாக்குக்கு இடமிருக்காது. பதில் வரும்வரை இலவச வவுச்சரில் கையெழுத்துப் போடவோ, பெற்றுக்கொண்டேன் என்று செய்தி அனுப்பவோ வேண்டாம், விஷயம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

அனுப்புவதற்கு முன் அக்காவிடம் கேளுங்கள், அவருக்கும் அந்தப் புள்ளிகள் வந்தனவா என்று. வந்திருந்தால் முதல் பத்தியிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.